கிருஷ்ணகிரி பக்கம் மார்ஃபின் மாத்திரை எங்கே கிடைக்கும்?

அப்பாவுக்கு வயது 64. கன்னப் புற்றுநோய். ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாம் முடிந்தும் போன தை மாதம் தாடை எலும்பில் மறுபடி வந்துவிட்டது. இனி வலி தணிப்பு மட்டும்தான் என்று சொல்லி, சென்னையில் மார்ஃபின் 10 மி.கி. மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்ட பிறகுதான் மனுஷன் ராத்திரி தூங்கினார், கஞ்சி குடித்தார். கையிலிருப்பது இந்த வாரத்துக்குத்தான் வரும். திடீரென நிறுத்தவும் கூடாதாம்.

நாங்கள் காவேரிப்பட்டணம் அருகே கிராமத்தில் இருக்கிறோம். கிருஷ்ணகிரி, தருமபுரி மெடிக்கல்களில் கேட்டாகிவிட்டது. லைசென்ஸ் இல்லை என்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் சுலபமாக வாங்கிக் கொடுக்கலாம் என்று 2014-இல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். அப்படியும் இதுதான் நிலை. உள்ளூர் டாக்டர் கொடுத்த டிரமடாலில் வாந்திதான் வந்தது, வலி குறையவில்லை. தோலில் ஒட்டும் ஃபென்டனில் வலி மருந்துப் பட்டை விசாரித்தோம், விலை கட்டுப்படியாகாது. மக்களைத் தேடி மருத்துவம் நர்ஸ் வந்து புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறார் (அந்தத் திட்டம் 2021-இல் தொடங்கியதே நம்ம மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்). மார்ஃபின் அவரிடம் இல்லை.

பழக்கமாகிவிடும், வேண்டாம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். வலிக்கு, சொன்ன அளவில் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம் என்று டாக்டரே தெளிவாகச் சொல்லிவிட்டார். அப்பா துடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

சென்னைவரை அவரால் உட்கார்ந்து வர முடியாது. மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார் எல்லாம் இருக்கின்றன. இவற்றைக் காட்டி, நோயாளி நேரில் வராமல், கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரியில் எந்த மருத்துவமனையில் மார்ஃபின் மாத்திரை வாங்கலாம்?