மிஸ்ஃபயருக்குத் தமிழில் என்ன? திங்கட்கிழமைக்குள் வேண்டும்

பெருந்துறை, ஐடிஐ பயிற்றுநர்:

எல்லோருக்கும் வணக்கம். மோட்டார் மெக்கானிக் பிரிவுப் பசங்களுக்கு நாலு பக்கக் குறிப்பு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலை வகுப்பு. இரண்டு சொல்லில் வண்டி நின்றுவிட்டது. ஒன்று மிஸ்ஃபயர், அதாவது ஒரு சிலிண்டர் தன் முறை வரும்போது எரியாமல் விட்டுவிடுவது. இன்னொன்று, எஞ்சின் ஆயில் ஏறிக் கருப்பாகப் பளபளவென்று நனைந்துபோன ஸ்பார்க் பிளக். பட்டறையில் 'வண்டி மிஸ்ஸிங் அடிக்குதுங்க', 'பிளக்குல ஆயில் அடிச்சிருச்சு' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். பசங்க முக்கால்வாசிப் பேர் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள், எழுத்துத் தேர்வில் என்ன எழுதுவது என்று கேட்கிறார்கள். உதவுங்கள்.

சேலம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, இதற்கு ஏன் அலைய வேண்டும்? வள்ளுவர் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 'பொறியின்மை யார்க்கும் பழியன்று', 618ஆம் குறள். பொறி இல்லை, அதனால் எரியவில்லை, ஆகவே பொறியின்மை. பரிமேலழகர் அங்கே பொறிக்கு விதி என்று பொருள் கொண்டார் என்பது எனக்கும் தெரியும், ஆனால் விதி விட்ட வழியில் ஓடுகிற வண்டிக்கும் அது பொருந்தத்தானே செய்கிறது. சட்டியில் பொரிகிற பொரியும் அடுப்பிலிருந்து தெறிக்கிற பொறியும் ஒரே வேர் என்று நான் வெகுநாளாகச் சொல்லி வருகிறேன், இங்கே யாரும் காது கொடுப்பதில்லை. ஸ்பார்க் பிளக் பொறிச்செருகி. ஆயில் படிந்தது மாசுண்ட பொறிச்செருகி. முடிந்தது.

நாமக்கல், லாரிப் பட்டறை:

ஐயா கோவிச்சுக்காதீங்க. எங்கள் பட்டறை வாசலில் நிற்கிற வண்டி எதிலும் பிளக்கே கிடையாது. டீசல், காற்றை அழுத்துகிற சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். ஆனால் மிஸ்ஸிங் டீசலிலும் வரும், டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் மூக்கு அடைத்தால் அந்தச் சிலிண்டர் செத்துப்போய் வண்டி உதறும். பொறியே இல்லாத எஞ்சினில் போய்ப் பொறியின்மை என்று எப்படி எழுதுவது? பெட்ரோலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், பொறி நன்றாக விழுந்துகொண்டிருக்கும், வால்வு கருகிக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், இருக்காது, எரியாது. பெட்ரோல் வராவிட்டாலும் எரியாது. எங்கேயோ ஓஸ் விட்டுப்போய்க் காற்று அதிகமாகப் புகுந்தாலும் ஒழுங்காக எரியாது. இத்தனை காரணத்தில் பொறி ஒன்று. காய்ச்சலுக்குப் பேர் கேட்டால் கொசுவுக்குப் பேர் வைக்கிறீர்கள்.

கோபி, மொழிபெயர்ப்பாளர்:

நாமக்கல் தம்பி சொன்னதுதான் சரி. அதோடு பொறி என்ற சொல்லே பாரம் தாங்காமல் கிடக்கிறது. தீப்பொறியும் பொறிதான், எந்திரமும் பொறிதான், எலிப்பொறியும் இருக்கிறது, ஐம்பொறியும் இருக்கிறது. 'பொறியில் பொறியின்மை' என்று ஒரு வாக்கியம் வந்தால் படிக்கிற பையன் எங்கே போவான்? (பொரிக்கு ரகரம், பொறிக்கு றகரம், அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் ஐயா.)

இலங்கைப் பாடநூல்களில் எரிதலுக்குத் தகனம் என்று எழுதுகிறார்கள். நல்ல கட்டான சொல், ஆனால் நம் ஊரில் தகனம் என்றதும் மேடைதான் ஞாபகம் வரும். என்னுடைய முன்மொழிவு: எரிதவறல். எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் தவறுவது. பஸ் தவறியது, ஆடிப்பட்டம் தவறிப்போச்சு என்கிறோமே, அதே தவறல். எதனால் எரியவில்லை என்று இந்தச் சொல் வாயைத் திறப்பதில்லை, டீசலுக்கும் பொருந்தும்.

சேலம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பொருளை விடுங்கள் அம்மிணி, புணர்ச்சி? எரிதலில் தவறல் என்று விரித்தால் வேற்றுமைத்தொகை, வல்லினம் மிக வேண்டும். எரித்தவறல் என்றல்லவா வர வேண்டும்?

கோபி, மொழிபெயர்ப்பாளர்:

எரி என்பதை நெருப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. எரி தவறுகிறது, எழுவாய்த் தொடர், மிகாது. அப்புறம் எரித்தவறல் என்று அச்சடித்தால் எரித்த, வறல் என்று பிரித்துப் படிப்பார்கள். ஆயிலில் நனைந்த பிளக்கைப் பற்றிய பாடத்தில் வறட்சியைப் பற்றிப் பேசின மாதிரி ஆகிவிடும்.

பொள்ளாச்சி, தென்னந்தோப்பு:

நானும் என் பங்குக்கு ஒன்று. தீபாவளிக்கு நமுத்துப்போன வெடி புஸ்ஸென்று போகுமே, அதுதான் இது. நமுத்தெரிதல் என்று வைத்தால் என் பாட்டிக்கும் புரியும். சேலத்து ஐயாவின் 'மாசுண்ட' மட்டும் வேண்டாம், மாசுணம் என்றால் மலைப்பாம்பு, பசங்க பானெட்டைத் திறக்கப் பயந்துக்குவாங்க.

இதைப் படிக்கும்போது இன்னொன்று ஞாபகம் வந்தது, கேட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். ஸ்டெப்னி, ஸ்டெப்னி என்கிறோமே, அது வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரில் உள்ள தெருவின் பெயர். நமக்கோ புறநானூறு 102இல் ஔவையார், உப்பு வண்டி ஓட்டுகிற உமணர் வண்டிக்கு அடியில் கட்டி வைத்த 'சேம அச்சு' என்று பாடியே வைத்திருக்கிறார், அதுவும் தகடூர் (இப்போதைய தர்மபுரி) அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பற்றி. சேமச்சக்கரம் என்று ஒரு பஞ்சர் கடைக்காரராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 1920இல் ஜி.டி. நாயுடு எங்கள் ஊரிலிருந்து பழனிக்கு ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தார். அந்த ரோட்டில் வண்டி நின்றபோது யாரும் சொல்லைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள், பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டிருப்பார்கள்.

பெருந்துறை, ஐடிஐ பயிற்றுநர்:

அண்ணா, நானும் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன், ஆனால் துடைத்தால் அது தீராது என்பதுதான் பாடமே. எங்கள் பயிற்சிக்கூடத்தில் பழைய நாலு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்று நிற்கிறது. இந்த வாரம் அதைத்தான் பசங்களோடு பார்த்தோம். ஸ்கேனர் போட்டதும் பி0303 என்ற பிழைக்குறி வந்தது, மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற காயிலை ஒன்றாம் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டோம், குறி கூடவே போயிருந்தால் காயில் மேல் பழி. போகவில்லை, மூன்றிலேயே நின்றது. பிளக்கைக் கழற்றினால் நுனி முழுக்க ஆயில், மேலே பிளக் உட்காருகிற குழி மட்டும் காய்ந்து சுத்தமாக இருந்தது. வால்வு கவர் கேஸ்கெட் விட்டிருந்தால் குழியில் ஆயில் நிற்கும், நுனிக்குப் போகாது. அப்புறம் கம்ப்ரஷன் பார்த்தோம். மற்ற மூன்றும் 12 பார் பக்கம், மூன்றாவது 8. ஒரு ஸ்பூன் ஆயிலைப் பிளக் துளை வழியாக ஊற்றித் திரும்பப் பார்த்தால் 11க்கு ஏறியது. ஊற்றிய ஆயில் இடைவெளியை அடைக்கிறது, அப்படியென்றால் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாமல் இருந்திருந்தால் வால்வைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்போது என் சிக்கல். 'மாசு' என்று ஒரே சொல்லை வைத்தால் இது எதுவும் விளங்காது. கருத்த பிளக் எல்லாம் ஒன்றில்லை. பெட்ரோல் அதிகமாகப் போனால் காய்ந்த கரி, விரலில் பொடியாக ஒட்டும். ஆயில் என்றால் ஈரக் கருப்பு, வழுக்கும். பற்றாத பெட்ரோலில் நனைந்தது மூக்குக்கே தெரியும். மூன்றுக்கும் மூன்று சொல் வேண்டும்.

கோபி, மொழிபெயர்ப்பாளர்:

இது நல்ல கேள்வி, முதலிலேயே இதைக் கேட்டிருக்கலாம். சமையலறைக்கு வாருங்கள். தாளிக்கிற கரண்டியில் விடாப்பிடியாக நிற்கிறதே, அது எண்ணெய்ப் பிசுக்கு. காய்ந்தது கரிப்படிவு. மூன்றாவது பெட்ரோல் நனைவு. பிசுக்கேறிய பிளக், கரி படிந்த பிளக், நனைந்த பிளக்.

சேலம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

எண்ணெய் என்பது எள்ளின் நெய். பூமியிலிருந்து எடுத்ததற்கு எள் எங்கிருந்து வந்தது? உயவுநெய்ப் பிசுக்கு என்று திருத்துங்கள்.

பொள்ளாச்சி, தென்னந்தோப்பு:

அப்படியென்றால் நான் தினமும் சமையலுக்கு எடுத்துக் கொடுக்கிற தேங்காய் எண்ணெயையும் விற்கக் கூடாது போல.

நாமக்கல், லாரிப் பட்டறை:

பெருந்துறைத் தம்பிக்கு ஒன்று. புகையையும் குறிப்பில் சேர்த்துக்கொள். ராத்திரி நிறுத்திக் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலப்புகை வந்து நின்றால் பெரும்பாலும் வால்வு சீல். ஏற்றத்தில் மிதிக்கும்போது வந்தால் ரிங். அப்புறம் எஞ்சின் விளக்கு மினுக் மினுக்கென்று அடித்தால் ஓட்டக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போடு. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கிற கன்வர்ட்டருக்குள் போய் எரியும், அது வெந்துவிடும். கன்வர்ட்டருக்கு வினையூக்கி மாற்றி என்று நல்ல பேர் இருக்கிறது, விலையும் அதற்குத் தகுந்த மாதிரி இருக்கிறது.

சொல்லைப் பொறுத்தவரை எனக்கு 'தாளம் தப்பல்' கூடப் பிடிக்கும். ஐடிலிங்கில் 800 சுற்று என்றால் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 தடவை எரிய வேண்டும், நாலு சிலிண்டரில் அரைச் சுற்றுக்கு ஒரு உதை. ஒரு உதை விழாவிட்டால் கிராங்க் அந்த இடத்தில் லேசாகத் தயங்கும், கம்ப்யூட்டர் அந்தத் தயக்கத்தைத்தான் அளந்து எந்தச் சிலிண்டர் என்று சொல்கிறது. நாங்கள் சைலன்சர் பக்கம் காதை வைத்துக் கேட்பதும் அதே தாளம்தான். ஆனால் தேர்வுத்தாளில் தாளம் என்று எழுதினால் மார்க் போட மாட்டார்கள். அக்கா சொன்ன எரிதவறலே இருக்கட்டும்.

பெருந்துறை, ஐடிஐ பயிற்றுநர்:

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தே முக்கால் ஆகிறது. தனி மடலில் வந்ததையும் சேர்த்தால் எரிதவறலுக்கு ஐந்து பேர், எரித்தவறலுக்கு ஒருவர், பொறியின்மைக்கு ஒருவர் (இரண்டும் ஒரே ஆளா என்று கேட்க மாட்டேன்), நமுத்தெரிதலுக்கு அண்ணன் மட்டும். எரிதவறல் என்று அடித்துவிட்டேன், முதல் தடவை வருகிற இடத்தில் மிஸ்ஸிங் என்றும் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கு, கரிப்படிவு, பெட்ரோல் நனைவு மூன்றும் அப்படியே. பிளக் பிளக்காகவே இருக்கிறது. காலையில் ஜெராக்ஸ் கடை திறந்ததும் கொடுக்கிறேன்.

நாமக்கல், லாரிப் பட்டறை:

ரிங் மாற்றுகிறவரை அந்த மூன்றாவதுக்கு மட்டும் ஒரு படி சூடான பிளக் போட்டுப் பார். நுனி சுமார் 450 டிகிரியைத் தாண்டினால் படிந்தது தானே எரிந்து போகும். ரொம்பச் சூடானதாகப் போட்டுவிடாதே, 800 டிகிரிக்கு மேல் போனால் பொறி விழும் முன்பே பற்றிக்கொள்ளும். இது சும்மா நாள் தள்ளத்தான், ரிங் வேலை ரிங் வேலைதான்.

சேலம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

எண்ணிக்கையில் தோற்றேன், இலக்கணத்தில் இல்லை, என் மறுப்பைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அது கிடக்கட்டும், பிளக்கைப் பிளக்காகவே விடுவது என்று எப்போது முடிவு செய்தீர்கள்? அதைப் பற்றி நாம் இன்னும் பேசவே இல்லையே.