சென்ட், ரிட்டர்ன்: மும்பையில் ஒலிக்கலவை செய்கிறவர்களின் அனுபவப் பகிர்வு

முலுண்ட்வாசி:

அந்தேரியில் ஒரு சிறிய ஸ்டூடியோவில் பக்திப் பாடல்களுக்கு மிக்ஸிங் செய்துவருகிறேன். அண்மையில் கல்யாணிலிருந்து ஒரு தம்பி தன் முருகன் பாடலை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்தார். பிளே பொத்தானை அழுத்தினாலே கணினி திணறுகிறது என்பது அவருடைய குறை. திறந்து பார்த்தால் பாடகர், கோரஸ், வீணை, தபேலா, கஞ்சிரா, கோயில் மணி என்று வரிசையாக ட்ராக்குகள். ஒவ்வொன்றிலும் தனித்தனியே ஒரு கன்வல்யூஷன் ரிவெர்ப், அதாவது உண்மையான ஓர் இடத்தின் முழக்கத்தை ஒலியோடு சேர்க்கும் பிளக்-இன் மென்பொருள். பாடகர் தேவாலயத்தில் நிற்கிறார், தபேலா ஓடு பதித்த அறையில் இருக்கிறது, கஞ்சிராவுக்கு ஒரு விளையாட்டரங்கமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. கணினி மட்டுமா திணறும்?

அத்தனையையும் கழற்றிவிட்டு இரண்டு ரிட்டர்ன் ட்ராக்குகள் போட்டோம், அதாவது பல ட்ராக்குகளின் ஒலி வந்து சேர்ந்து எஃபெக்ட் பெறும் பொது ட்ராக்குகள். ஒன்றில் சிறிய அறையின் முழக்கம், மற்றொன்றில் நீண்ட பிளேட் (உலோகத் தகடு அதிர்வது போன்ற முழக்கம்). ஒவ்வொரு ட்ராக்கிலிருந்தும் அவற்றுக்குத் தேவையான அளவு சென்ட், அதாவது ஒலியின் நகல். கணினி அடங்கிவிட்டது. ஆனால் தம்பிக்கு ஒரு சந்தேகம்: "சார், சென்டை ஏற்றினால் முழக்கம்தானே கூட வேண்டும், குரலே ஏன் சத்தமாகிறது?" நல்ல காது. அவருடைய ரிவெர்ப் பிளக்-இன்னில் முழக்கம் எவ்வளவு, மூலக் குரல் எவ்வளவு என்று பிரிக்கும் மிக்ஸ் குமிழ் 30 சதவீதத்திலேயே நின்றிருந்தது. இன்சர்ட்டாக, அதாவது ட்ராக்கிலேயே நேராகப் போடும்போது குரல் முழுவதும் அந்த பிளக்-இன் வழியாகவே போகிறது. அங்கே 30 என்பது நியாயம். சென்டில் போவது நகல். மூலக் குரல் தன் பாட்டுக்குத் தன் ஃபேடர் (ஒலியளவை ஏற்றி இறக்கும் பிடி) வழியாக, எல்லாம் கலந்து வெளியேறும் மாஸ்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நகலும் பெரும்பகுதி பச்சைக் குரலாகவே திரும்பி வந்து சேர்ந்தால் சத்தம் ஏறாமல் என்ன செய்யும்? ரிட்டர்னில் ரிவெர்பை 100 சதவீதம் வெட் (முழுக்க முழக்கம் மட்டும்) என்று வைத்தவுடன் சரியாகிவிட்டது.

உங்களுக்கு நேர்ந்தவற்றை எழுதுங்கள். பாடப்புத்தக விளக்கம் வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது.

கோரேகான் டப்பிங்:

எங்கள் வேலை இந்தித் தொடர்களைத் தமிழுக்கு மாற்றுவது. மூலத் தயாரிப்பிலிருந்து எங்களுக்கு ஒரு தடம் வரும். வசனம் மட்டும் நீக்கப்பட்டு, இசையும் மற்ற ஒலிகளும் இருக்கும். எம் அண்ட் இ (மியூசிக் அண்ட் எஃபெக்ட்ஸ்) என்பார்கள். அதன் மேல் தமிழ்க் குரல்களை உட்கார வைப்போம்.

ஒரு தொடரில் பாழடைந்த மண்டபத்தில் நடக்கும் காட்சி வந்தது. தமிழில் பேசிய அம்மாள் நாடகத்தில் பழகியவர், வாக்கியத்துக்கு நடுவே இடைவெளி விட்டு அருமையாகப் பேசினார். அந்த இடைவெளிகளில் வேறு யாரோ முணுமுணுத்தார்கள். ஹெட்போனை மாட்டிக் கேட்டால் இந்தி! சொற்கள் இல்லை, அவற்றின் வால் மட்டும். "யஹாங்" போய்விட்டது, அதன் முழக்கம் மண்டபத்திலேயே தங்கிவிட்டது. பேசிய அம்மாள் சிரித்துவிட்டார். "எனக்கு முன்னால் இங்கே யாரோ செத்துப்போயிருக்கிறார்கள் போலிருக்கிறது" என்றார்.

காரணம் எளியது. மூல மிக்ஸிங்கில் மண்டபத்துக்கென்று ஒரே ஒரு ரிவெர்ப் ரிட்டர்ன். வசனம், காலடி ஓசை, புறாக்களின் சிறகடிப்பு, சங்கிலிச் சத்தம் எல்லாவற்றிலிருந்தும் அதற்குச் சென்ட். அந்த ரிட்டர்னின் வெளியீடு எஃபெக்ட்ஸ் பஸ்ஸுக்கு, அதாவது வசனமும் இசையும் அல்லாத ஒலிகள் ஒன்றுசேரும் வழிக்குப் போனது. தடம் எடுக்கும்போது வசன பஸ்ஸை மியூட் செய்தார்கள், ஆனால் சென்ட் அந்த பஸ்ஸுக்கு முன்பே, ஒவ்வொரு வசன ட்ராக்கிலிருந்தும் கிளம்பிவிட்டது. ஒரே கிரைண்டரில் எல்லா வீட்டு மாவையும் கொட்டி அரைத்துவிட்டு, உங்கள் வீட்டு உளுந்தை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்றால் யாரால் முடியும்?

திருத்தித் தரச் சொன்னோம். அந்த ரிட்டர்னையே மொத்தமாக மியூட் செய்து இரண்டாவது தடம் அனுப்பினார்கள். இப்போது இந்தி போய்விட்டது, கூடவே மண்டபமும் போய்விட்டது. காலடி ஓசை வெறுமையாகக் கேட்டது. கடைசியில் அந்தக் காட்சிக்கு நாங்களே முழக்கம் சேர்த்தோம்.

எங்கள் டெம்ப்ளேட்டில் வசனத்துக்கு ஒன்று, இசைக்கு ஒன்று, மற்ற ஒலிகளுக்கு ஒன்று என்று ரிட்டர்ன்கள் தனித்தனியே இருக்கும். மூன்றிலும் ஒரே ரிவெர்ப், ஒரே அமைப்பு; ஆனால் ஒவ்வொன்றும் தன் சொந்த ஸ்டெம்முக்குள் (அந்த வகை ஒலி மட்டும் உள்ள தடம்) மட்டுமே போய் விழும். வீண் செலவு என்று புதியவர்கள் சொல்வார்கள். புரோ டூல்ஸ் மென்பொருளில் ஒரு ட்ராக்குக்கு 10 சென்ட் இருக்கிறது, கஞ்சத்தனம் எதற்கு?

இன்னொன்று. பொது ரிட்டர்னில் ரிவெர்புக்குப் பின்னால் கம்ப்ரஸர் (உரத்த ஒலியை அழுத்தும் கருவி) வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. ஒலி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்டெம்களைத் தனித்தனியே எடுத்து மறுபடி கூட்டினால் பழைய மிக்ஸ் வராது. எல்லோரும் சேர்ந்து வந்தபோது அழுத்தியது வேறு, ஒருவர் மட்டும் வரும்போது அழுத்துவது வேறு.

தாராவி மேடை ஒலி:

அண்ணன்மார்கள் கணினியில் செய்வதை நாங்கள் வேர்வையோடு செய்கிறோம். எங்கள் பழைய அனலாக் மிக்ஸரில் நான்கு ஆக்ஸ் குமிழ்கள், நீங்கள் சொல்லும் சென்ட்தான். முதல் இரண்டும் ஃபேடருக்கு முன்பே ஒலியை எடுப்பவை, அவை மேடை மானிட்டருக்கு (பாடகர் தன் குரலைக் கேட்கும் ஸ்பீக்கர்). மற்ற இரண்டும் ஃபேடருக்குப் பின் எடுப்பவை, அவை எஃபெக்டுக்கு. இதைத் தெரியாமல் தொட்டால் பாடகர்தான் அடி வாங்குவார்.

ஒரு பொங்கல் விழாவில் வேறு குழு ஒலி அமைத்தது, நான் பார்வையாளன். அவர்கள் மானிட்டரை நான்காவது ஆக்ஸில் மாட்டியிருந்தார்கள். அரங்கில் பாடகி அக்காவின் குரல் கூடுதல் என்று ஆபரேட்டர் ஃபேடரை இறக்க இறக்க, மேடையில் அக்காவுக்குத் தன் குரலே கேட்காமல் போனது. கேட்காததால் அவர் இன்னும் உரக்கப் பாடினார். ஆபரேட்டர் இன்னும் இறக்கினார். இரண்டாவது சரணத்தில் அக்கா மைக்கைத் தட்டிப் பார்த்து, "தம்பி, நான் பாடுகிறேனா இல்லையா?" என்று கேட்டேவிட்டார். கூட்டம் கைதட்டியது. போய் ஒயரை ஆக்ஸ் ஒன்றுக்கு மாற்றிக் கொடுத்தேன், ஒரு நிமிட வேலை.

எஃபெக்டுக்கு நேர் எதிர். ரிவெர்ப் சென்ட் ஃபேடருக்கு முன்னாலிருந்து போனால், பாடகரை முழுக்க இறக்கிய பிறகும் அவருடைய முழக்கம் மட்டும் அரங்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

பாட்டு முடிந்து பேச்சு தொடங்கும்போது எஃபெக்ட் ரிட்டர்னை மியூட் செய்யாத ஆபரேட்டர்களுக்குச் சம்பளம் குறைக்க வேண்டும் என்பது என் கருத்து. சங்கச் செயலாளர் "சாப்பாடு தயார்" என்கிறார், அது அசரீரியாக ஒலிக்கிறது.

ரிட்டர்னை ஒரு சேனலில் போட்டுவிட்டு, அந்தச் சேனலின் அதே எஃபெக்ட் குமிழையும் திருகினால் ஒலி தன்னையே மறுபடி மறுபடி விழுங்கி ஊளையிடும். கணினியில் இது நடக்காது என்கிறார்களே, உண்மையா?

முலுண்ட்வாசி:

பெரும்பாலும் உண்மை, தம்பி. ஏபிள்டன் லைவ் மென்பொருளில் ரிட்டர்ன் ட்ராக்குகளின் சென்ட் குமிழ்கள் தொடக்கத்தில் செயலற்றே இருக்கும், நாமே இயக்கினால்தான் உண்டு. ரீப்பர் மென்பொருளில் இப்படிச் சுழலும் இணைப்புக்கு பிராஜெக்ட் அமைப்பில் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். வேண்டுமென்றே சுழலவிட்டு இசை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்போது மாஸ்டரில் ஒரு லிமிட்டர் (ஒலி அளவு மீறாமல் தடுக்கும் கருவி) இருப்பது காதுக்கு நல்லது.

மாட்டுங்கா மிருதங்கம்:

கணினியின் சுமையைக் குறைக்கத்தான் சென்ட் என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை. அது பழைய கதையின் மிச்சம். 1957-இல் வந்த இஎம்டி 140 பிளேட் ரிவெர்ப் ஒரு பெரிய எஃகுத் தகடு. சட்டத்தோடு சேர்த்து ஏறத்தாழ 270 கிலோ. பாடகருக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று என்று யார் வாங்கி வைக்க முடியும்? எல்லோரும் ஒன்றையே பங்கிட்டார்கள். இன்று மடிக்கணினியே நூறு ரிவெர்பைத் தாங்கும். ஆனாலும் நான் சென்டைத்தான் பயன்படுத்துகிறேன், ஏனென்றால் கச்சேரி ஓர் அரங்கில் நடக்கிறது. சண்முகானந்தா அரங்கில் உட்கார்ந்து கேட்கும்போது பாடகருக்கு ஒரு கூரை, மிருதங்கத்துக்கு வேறு கூரையா இருக்கிறது?

எங்கள் வாத்தியத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. தொப்பியின் (இடப்பக்கத் தோலின்) கும்கி நாதம் ரிவெர்புக்குள் அப்படியே போனால் எல்லாம் குழம்பிவிடும். மிருதங்கத்தில் அடிநாதத்தை வெட்டினால் வாத்தியமே சொத்தையாகும். அதனால் வெட்ட வேண்டியது ரிட்டர்னில்தான், அதுவும் ரிவெர்புக்கு முன்னால். லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வடிகட்டிவிட்டு மீதத்தை மட்டும் எதிரொலிக்கு அனுப்புவது வழக்கமாக இருந்தது. 600 என்பது எனக்குக் கொஞ்சம் அதிகம், 300 பக்கம் நிறுத்துவேன். ப்ரீ-டிலே (முழக்கம் தொடங்குமுன் விடும் இடைவெளி) 20 மில்லி விநாடிக்கு மேல் வைத்தால் சாப்பு அடி தெளிவாக விழுந்த பிறகே அரங்கம் பதில் சொல்லும். ஒருமுறை பாடகருடன் வந்த ஒருவர் "மிருதங்கத்தில் ரிவெர்பே இல்லையே" என்று குறைபட்டார். ரிட்டர்னை மியூட் செய்து காட்டினேன். பேச்சே இல்லை.

புரோ டூல்ஸில் சோலோ (ஒரு ட்ராக்கை மட்டும் கேட்பது) போட்டதும் ரிவெர்ப் மாயமாகிறது என்று பதறுகிறவர்களுக்கு: ரிட்டர்னின் சோலோ பொத்தானை விண்டோஸில் கண்ட்ரோல், மேக்கில் கமாண்ட் விசையோடு அழுத்துங்கள். அது சோலோவுக்கு அடங்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

செம்பூர் பாட்டு டீச்சர்:

நான் ஒலிப்பொறியாளர் இல்லை, வீட்டில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள். இணைய வழியிலும் வகுப்பு எடுக்கிறேன். அமெரிக்காவிலிருக்கும் ஒரு குழந்தை, "மாமி, நான் பாடினால் என் பின்னாலேயே யாரோ என் குரலில் பாடுகிறார்கள்" என்று அழுதுவிட்டாள். என் கணினியில் எல்லாம் கலந்த ஒலி அவளுக்குப் போனது; அதில் அவள் குரலும் இருந்தது, கடலைத் தாண்டி வந்து திரும்பிப் போன தாமதத்தோடு.

என் மகன் ரீப்பரில் சரிசெய்தான். ஒரு தனி ட்ராக் உருவாக்கி, என் மைக்கிலிருந்தும் தம்புராவிலிருந்தும் அதற்கு மட்டும் சென்ட் கொடுத்தான். அவள் குரல் வருகிற ட்ராக்கிலிருந்து சென்ட் கிடையாது. அந்தத் தனி ட்ராக்கை மாஸ்டருக்குப் போகாமல் தடுத்து, வகுப்புச் செயலிக்குத் திருப்பிவிட்டான். வானொலிக்காரர்கள் தொலைபேசி நேயர்களுக்கு வெகு காலமாகச் செய்வது இதுதானாம். சென்ட் என்றால் ரிவெர்ப் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்காக எழுதினேன். சென்டை ஃபேடருக்கு முன்னால் வைத்திருப்பதால், என் அறையில் தம்புராவை நான் குறைத்துக்கொண்டாலும் அவளுக்குச் சுருதி குறைவதில்லை.

வசாய் ராப்:

டிலே (எதிரொலி எஃபெக்ட்) பற்றி யாரும் எழுதவில்லையே! தமிழ் ராப் பாடும் பையன்களுக்கு நான் மிக்ஸ் செய்கிறேன். வரியின் கடைசிச் சொல் மட்டும் எதிரொலித்துக்கொண்டே போக வேண்டும் என்பார்கள். டிலேயை இன்சர்ட்டில் போட்டு அந்தச் சொல்லுக்கு மட்டும் இயக்கி அணைத்தால், பல பிளக்-இன்களில் அணைத்த கணமே வாலும் அறுந்துவிடும். சென்டாக இருந்தால் அந்தச் சொல் வரும்போது குமிழைத் திறந்து, முடிந்ததும் மூடிவிடலாம். ரிட்டர்ன் திறந்தே இருப்பதால் உள்ளே போனது தானாக ஓயும் வரை ஒலிக்கும். 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 தட்டு) பாட்டில் ஒரு தட்டு ஏறத்தாழ 667 மில்லி விநாடி, அரைத் தட்டு 333. ரிட்டர்னில் ஒரு கம்ப்ரஸரைப் போட்டு அதன் சைட்செயினை, அதாவது எதைக் கேட்டு அழுத்த வேண்டும் என்ற உள்ளீட்டைக் குரலிலிருந்து கொடுத்தால், அவர் பாடும்போது எதிரொலி அடங்கி, மூச்சு விடும்போது மேலே வரும்.

ஒரு பையன், பெயர் வேண்டாம், கேட்டது இது: "அண்ணா, 'தாராவி' என்று நான் கத்தும்போது 'ராவி ராவி ராவி' என்று மட்டும் திரும்ப வர வேண்டும், 'தா' வரக்கூடாது." அலைவடிவத்தைப் பெரிதாக்கி, 'தா' முடிகிற இடத்துக்குப் பின் சென்ட் தானாகத் திறக்கும்படி ஆட்டோமேஷன் கோடு வரைந்தேன். முதலில் நேராக வெட்டியதில் கிளிக் என்றது. சில மில்லி விநாடி சரிவாகத் திறந்ததும் சுத்தமாகிவிட்டது. பையனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அடுத்த பாட்டில் வரிக்கு வரி இதே மாதிரி வேண்டும் என்று பட்டியலோடு வந்தார். அதற்குத் தனிக் கட்டணம் சொன்னேன், பட்டியல் இரண்டு வரியாகச் சுருங்கியது.