மட்டாஞ்சேரி யூதத் தெரு: போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மலைக்கோட்டை வாசகி

போன டிசம்பரில் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. கொச்சி மட்டாஞ்சேரியில், வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்கள் கட்டிய பரதேசி ஜெபாலயத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நீலச் சீன ஓடுகளில் நின்றோம். ஒன்று போல இன்னொன்று இருக்கிறதா என்று என் மகள் குனிந்து தேடிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் அதே தெருவில் ஒரு காபிக் கடை. அடுத்த மேசையில் தலையில் துணி கட்டிய ஒரு பாட்டி, பேரனோடு ஏதோ புரியாத மொழியில் பேசிக்கொண்டிருந்தார். கடைப் பையன் வந்ததும், "ஒரு சாயா, மதுரம் குறச்சு மதி" என்றார். என் பாலக்காட்டு மாமியாரின் அதே "குறச்சு". சாயாவைச் சாஸரில் ஊற்றி, ஊதி ஊதிக் குடித்தார். பேச்சுக் கொடுத்தேன். இஸ்ரேலில் நெவாத்திம் என்ற ஊராம். எட்டு வயதில் இங்கிருந்து போனவராம். "வீடு அவிடெ" என்று தெருக்கோடியைக் காட்டினார்.

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. ஆட்டோ வந்துவிட்டது, கிளம்பிவிட்டேன்.

துறைமுகத்தான்

நான் போனது சனிக்கிழமை. பூட்டியிருந்தது. மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, சுக்கு வாசனை அடிக்கும் கிடங்குகளைத் தாண்டி ஒரு மாடிக் கடையில் போய் உட்கார்ந்தேன். ஜன்னல் கம்பியிலேயே ஆறுமுனை நட்சத்திரம். அதில் ஒரு ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. 400 வருட வரலாற்றில் எனக்குக் கிடைத்தது அந்த ஜன்னல்தான்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளி மதியத்துக்கு மேலும் சனிக்கிழமையும் வேண்டாம், யூதப் பண்டிகை நாள்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். தோள் மூடிய உடை போடுங்கள். எர்ணாகுளத்திலிருந்து படகில் வாருங்கள், பாலத்தில் நெரிசல். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் வடக்கே பரவூர், சேந்தமங்கலம் போங்கள். இரண்டு ஊர் ஜெபாலயங்களும் இப்போது அருங்காட்சியகங்கள், கூட்டம் குறைவு, நின்று பார்க்கலாம். சேந்தமங்கலத்தில் 1269ஆம் ஆண்டுக் கல்லறைக் கல் ஒன்று இருக்கிறது, சாரா என்ற பெண்ணுக்கு எபிரேயத்தில் பொறித்தது. அதை விட்டுவிடாதீர்கள்.

நடைபயணி

வாசகி அக்கா, ஓடுகளைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மறக்காதது உள்ளே நுழைவதற்கு முன்னால் இருக்கும் முன்னறை. யூதர்களிடம் அடிமைகளாக இருந்து விடுபட்டவர்களின் வாரிசுகளை உள்ளே பெஞ்சில் உட்கார விடாமல் இந்த முன்னறையில்தான் வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் வழக்கறிஞர் ஏ.பி. சேலம் (1882–1967). ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தவர், 'யூத காந்தி' என்றார்கள். அங்கே கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று பார்த்தேன். பின்னால் வரிசை நின்றதால் நகரச் சொல்லிவிட்டார்கள்.

பாட்டி கைகாட்டியது தெருவின் தெற்குக் கோடியையா? அப்படியென்றால் மலபார் யூதர் வீடுகளாக இருக்கும், பரதேசிகள் வருவதற்கு முன்பே இங்கே இருந்தவர்கள். ஐம்பதுகளில் கூட்டம் கூட்டமாக இஸ்ரேலுக்குப் போனவர்கள் அவர்கள்தான். அங்கிருந்த கடவும்பாகம் ஜெபாலயம் 1544இல் கட்டியது. உள்ளே இருந்த மரவேலைகளை ஜெருசலேம் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இங்கே மிஞ்சிய கட்டடம் 2019 மழையில் இடிந்து விழுந்தது.

வட்டெழுத்து ஆர்வலர்

துறைமுகத்தான், 400 வருடம் என்பது தவறு. 1568 பரதேசி ஜெபாலயம் கட்டிய ஆண்டு. சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் ஈசுப்பு இரப்பானுக்கு உரிமைகள் கொடுத்த செப்பேடு சுமார் கி.பி. 1000. எழுத்து வட்டெழுத்து, சொற்கள் நமக்கே புரியும். கோட்டைக் கொச்சியில் சீன வலைகளுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கி எழுத்துக் கூட்டினேன்: பகல்விளக்கு, பாவாடை (நடக்க விரிக்கும் துணி), அந்தோளகம் (பல்லக்கு), குடை, வடுகப்பறை, காகளம் (ஊதுகொம்பு).

டீக்கடைக்காரர் காதில் விழுந்துவிட்டது. "பகல்விளக்கோ? பகல் எந்தினா விளக்கு?" என்றார். பகலிலும் விளக்கேந்திப் போகும் உரிமை, அரசன் கொடுத்த மரியாதை என்று சொன்னேன். ஆயிரம் வருடத்துச் சொல் அவருக்கு அகராதி இல்லாமல் புரிந்தது!

மலைக்கோட்டை வாசகி

நடைபயணி தம்பி, தெற்குப் பக்கம்தான். நீங்கள் சொன்ன பிறகு மகள் எடுத்த படங்களைத் தேடினேன். ஒன்றில் ஓரமாகப் பாட்டியின் விரல் இருக்கிறது. அதற்கு நேரே பச்சைக் கதவு, மேலே ஒரு பலகணி. அடுத்து யாராவது போனால் அந்தக் கதவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?