ஹீட்மேப்புக்குத் தமிழ் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,
கால்நடை நோய்களைப் பதியும் கைபேசிச் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். 'வாயில் நுரை, குளம்பிடுக்கில் புண்' என்று மாட்டுக்காரர் குறித்து அனுப்பினால் வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். புள்ளிகள் நெருங்கிய இடம் சிவக்கும். இந்த 'ஹீட்மேப்'பை 'வெப்ப வரைபடம்' என்று எழுதினேன். சோதித்துப் பார்த்தவர் "இந்தப் பக்கம் வெயில் அதிகமோ?" என்று கேட்டார். வேறு சொல் தாருங்கள்.

*

வெப்பம் வேண்டாமென்றால் 'வெக்கைப் படம்' என்று வையுங்கள். வெம்மை, வெப்பு, வேனில், வேக்காடு எல்லாம் 'வே' என்னும் ஒரே வேரின் கிளைகள். வெக்கை பாமரரும் அறிந்த சொல்.

*

ஐயா, அறிந்திருப்பதுதான் ஆபத்து. வெக்கை என்பது ஒரு மாட்டுநோயின் பெயர். உலகைவிட்டே ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்ட நோயை நம் செயலி திரும்ப அழைத்துவர வேண்டுமா?

*

'நிரைநோய் அடர்படம்' என்க. ஆநிரையின் நிரை, அடர்படம் வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. கையோடு செயலியில் உள்ள 'கோமாரி' என்னும் நோய்ப்பெயரையும் திருத்திவிடலாம். 'கோ' வடசொல்; 'ஆமாரி' போதும்.

*

ஆமாரி என்ற பொத்தானை எந்த மாட்டுக்காரர் தொடுவார்? வினைத்தொகை என்றால் அடர்ந்த படம், அடர்கின்ற படம், அடரும் படம் என்று விரியும். அடர்வது படமா, நோயா? கோமாரி ஆட்டுக்கும் பன்றிக்கும் வரும். உங்கள் ஆநிரையில் பன்றிக்கு இடமுண்டா? நிரை என்றதும் ஒன்று தோன்றுகிறது. பழந்தமிழ்ப் போரில் பகைவரின் நிரையைக் கவர்ந்த வெட்சியார் ஓட்டி வந்த மாடுகளோடு கோமாரியும் வந்திருக்கும். கரந்தையார் மீட்டபோது அதுவும் கூடவே திரும்பியிருக்கும். 2001இல் பிரிட்டனில் நோய் கண்டறியப்படும் முன்பே சந்தை வழியாகக் கைமாறிய ஆடுகள் அதைப் பல இடங்களுக்குக் கொண்டுபோயிருந்தன.

*

கால்நடை மருத்துவராக ஒரு திருத்தம். சிவப்பு காட்டுவது நோயின் அடர்த்தியை அல்ல, வந்த தகவலின் அடர்த்தியை. சிக்னல் இல்லாத இடத்தில் தொழுவமே படுத்துவிட்டாலும் படம் வெளுப்பாகத்தான் இருக்கும். பத்தாயிரம் மாட்டில் ஐந்துக்கும் நூறு மாட்டில் ஐந்துக்கும் அதே நிறம். 'பதிவுச் செறிவுப் படம்' என்றால் பொய்யில்லை.

*

அம்மா, பொத்தானில் பத்து எழுத்துக்கு மேல் இடமில்லை. 'செறிவுப் படம்' என்று போட்டு, அடியில் 'வந்த பதிவுகளின் எண்ணிக்கைப்படி' என்று சேர்த்து அனுப்பிவிட்டேன். கோமாரி கோமாரியாகவே இருக்கிறது. அனைவருக்கும் நன்றி.

*

ஒற்று மிகுத்த பின் நடுவில் இடைவெளி எதற்கு? 'செறிவுப்படம்' என்று சேர்த்தெழுதுக. அடுத்த பதிப்பு வரும்போது சொல்லுங்கள். அடர்படத்தை நான் கைவிடவில்லை.