டொரன்டோவுக்குப் புதிதா? முதல் வருஷமே ப்ளூ ஜேஸைப் பிடித்துக்கொள்ளுங்கள்

சின் நம்பர் (வேலைக்குத் தேவையான அரசு அடையாள எண்), வங்கிக் கணக்கு, ஜி2 டிரைவிங் லைசென்ஸ், பனிக்கால பூட்ஸ் பற்றியெல்லாம் இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்லப்போவது யாரும் கேட்காத விஷயம். வந்த முதல் வருஷமே இந்த ஊர் பேஸ்பால் அணியான ப்ளூ ஜேஸுக்கு ரசிகராகிவிடுங்கள். சிரிக்க வேண்டாம். கொஞ்சம் நீளமான இழை, டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

நாங்கள் மதுரையிலிருந்து வந்தது 2013 பிப்ரவரியில். ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் வீடு. எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு பேக்கரித் தொழிற்சாலையில், மாலை ஷிஃப்ட். பன்களை எண்ணிப் பையில் போட வேண்டும். வரிசையின் கோடியில் மாவு படிந்த ஒரு ரேடியோ. ஏப்ரலில் அதில் பேஸ்பால் வர்ணனை ஓட ஆரம்பித்தது, செப்டம்பர் கடைசி வரை நிற்கவே இல்லை. முதல் ஒரு மாதம் எனக்கு அது வெறும் இரைச்சல். பக்கத்தில் நின்ற நியூஃபவுண்ட்லாந்துப் பாட்டியம்மா மட்டும் திடீர் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொள்வார். அவர் பேசும் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் பிடிபடும். அந்த அடி முழுசாகப் புரிந்தது. கிரிக்கெட் பார்க்கும்போது எங்கள் அப்பா அடித்துக்கொள்வாரே, அதே அடி.

பெரிய ஆட்டக்காரர்களையெல்லாம் வாங்கிப் போட்டு, இந்த முறை கோப்பை நமக்குத்தான் என்று ஊரே நம்பிய வருஷம் அது. முடிவில் 74 வெற்றி, 88 தோல்வி, பிரிவில் கடைசி இடம். நான் ரசிகையானது அந்த வருஷம்தான். ஜெயிக்கிற வருஷத்தில் யார் வேண்டுமானாலும் தொப்பி வாங்குவார்கள்.

ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள். எழுத்துப்பிழை இல்லை, நூற்று அறுபத்திரண்டுதான். ஆறு மாதம், கிட்டத்தட்ட தினமும். ஐபிஎல் திருவிழா என்றால் இது தினம் வாசலுக்கு வரும் கீரைக்காரம்மாவின் குரல். எல்லா ஆட்டத்தையும் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. சமைக்கும்போதும், துணி மடிக்கும்போதும், பஸ்ஸில் வரும்போதும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். டிவிக்கு சந்தா கட்ட வேண்டும், ரேடியோ இலவசம். காது ஆங்கிலத்துக்குப் பழக இதைவிட நல்ல வகுப்பு எனக்குக் கிடைக்கவில்லை. நிதானமாகப் பேசுவார்கள், சொன்னதையே திரும்பச் சொல்வார்கள்.

இன்னொரு வசதி, வேலையிடத்துப் பேச்சு. லிஃப்டில், பல் டாக்டர் வரவேற்பறையில், இன்டர்வியூவுக்கு முந்தைய இரண்டு நிமிஷத்தில் என்ன பேசுவது என்று திணறுவோமே, அங்கே "நேற்று மேட்ச் பார்த்தீர்களா" போதும். ஹாக்கிதானே இங்கே பெரிது என்பீர்கள். உண்மைதான். ஆனால் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

சரி, ஆட்டம். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இது சுலபம் என்பார்கள். பாதிப் பொய். முதலில் சிலவற்றை மறக்க வேண்டும். பந்து தரையில் குத்தி வராது. முன்னால் விரியும் 90 டிகிரி மூலைக்குள்தான் அடிக்க வேண்டும், நாம் ரசித்த லேட் கட், லெக் கிளான்ஸ் எல்லாம் இங்கே ஃபவுல். மூலைக்குள் தரையோடு தட்டிவிட்டால் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடியே ஆக வேண்டும், நின்று யோசிக்க முடியாது. முதல், இரண்டாவது, மூன்றாவது பேஸ்களைத் தொட்டுச் சுற்றி, அடித்த இடமான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். நல்ல பந்தை விட்டாலோ, வீசித் தவறவிட்டாலோ அது ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் என்றால் அவுட். நான்கு பந்து தப்பாக வந்தால் முதல் பேஸுக்கு சும்மா நடந்து போகலாம். மூன்று பேர் அவுட்டானால் அடுத்த அணியின் முறை, இப்படி ஒன்பது இன்னிங்ஸ். மீதியெல்லாம் போகப் போகப் புரியும்.

பழக நாளாவது ஒன்றுதான்: இங்கே அவுட்டாவது அவமானம் இல்லை. பத்துக்கு மூன்று முறை ஹிட் அடிப்பவர் பெரிய பேட்டர். ஏழு முறை தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பி வருபவருக்குக் கோடிக்கணக்கில் சம்பளம். வந்த புதிதில் வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் பதிலே வராமல் உட்கார்ந்திருந்தபோது இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

என்னை உட்காரவைத்துப் பார்க்க வைத்தவர் ஆர்.ஏ. டிக்கி என்ற பிட்சர், அதாவது பந்து எறிபவர். மற்றவர்கள் மணிக்கு 150 கிலோமீட்டரில் எறிவார்கள், இவர் பந்து 120 சொச்சத்தில் வரும். விரல் நுனிகளால் பிடித்து, சுழலவே விடாமல் தள்ளுவார். சுழன்றால்தான் பந்து திரும்பும் என்று பார்த்து வளர்ந்தவள் நான். சுழலாத பந்து, காற்றில் தையல் எந்தப் பக்கம் மாட்டுகிறதோ அந்தப் பக்கம் தள்ளாடிக்கொண்டு வரும், குடித்தவர் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி. எங்கே போகும் என்று எறிந்தவருக்கே தெரியாது. கேட்சர் பெரிய கையுறை மாட்டிக்கொண்டு அதைத் துரத்துவதே தனி வேடிக்கை.

வரலாற்றை எனக்குச் சொல்லித்தந்தவர் மாடியில் இருந்த வீட்டுக்கார அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர், 80களில் வந்தவர். அணி பிறந்தது 1977-இல். ஏப்ரல் 7 அன்று முதல் ஆட்டம், மைதானம் முழுக்கப் பனி. ஐஸ் ஹாக்கி மைதானத்து வண்டியைக் கொண்டுவந்து துடைத்தார்கள். "ஏப்ரல் வந்தும் குளிர் போகவில்லையே" என்று இப்போது புலம்புகிறவர்கள் கவனிக்க. 1992-லும் 93-லும் வேர்ல்டு சீரிஸ் என்ற இறுதித் தொடரை வென்றார்கள். 93-இன் கடைசி அடி இந்த ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம்: அக்டோபர் 23, ஆறாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 6-5 என்று பின்தங்கியிருக்கிறார்கள், ஜோ கார்ட்டர் ஒரே அடியில் மூன்று ரன், கதை முடிந்தது. அன்று அண்ணன் ஒரு ரெஸ்டாரன்ட் சமையலறையில் வேலை. "அவையள் கோப்பை எடுக்கேக்கை நான் கோப்பை கழுவிக்கொண்டு நிண்டனான், தங்கச்சி" என்றார். அவர்கள் ஊரில் கோப்பை என்றால் சாப்பாட்டுத் தட்டு என்று எனக்குப் புரியவே ஒரு நிமிஷம் ஆனது. சமையலறையோடு எல்லோரும் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் யங் ஸ்ட்ரீட்டுக்கு ஓடினார்களாம். அதற்கப்புறம் ப்ளே ஆஃப் பார்க்க அவர் 2015 வரை காத்திருந்தார்.

நேரில் போகிறவர்களுக்கு. ரோஜர்ஸ் சென்டர் சிஎன் டவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பழைய ஆட்கள் இன்னும் ஸ்கைடோம் என்றுதான் சொல்வார்கள். யூனியன் ஸ்டேஷனில் இறங்கி நீலச்சட்டைக் கூட்டத்தோடு நடந்தால் போதும், வழி கேட்கத் தேவையில்லை. டவுன்டவுனுக்குக் காரை எடுத்துப்போய்ப் பார்க்கிங்கில் பணத்தைத் தொலைக்காதீர்கள். டிக்கெட் விலை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். நியூயார்க் யாங்கீஸ் அணி வந்தாலோ கனடா டே வந்தாலோ ஏறும். மே மாதத்து வாரநாள் சாயங்காலம் சல்லிசு. உயரத்து 500 லெவலிலேயே உட்காருங்கள், பந்து எங்கே போகிறது என்பது மேலிருந்துதான் தெளிவாகத் தெரியும். கடந்த சில சீசன்களாகச் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு டாலருக்கு ஹாட் டாக் கொடுக்கிறார்கள். அசைவம் சாப்பிடாதவர்கள் அதை நம்பிப் போக வேண்டாம். வீட்டுச் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோக விடுகிறார்கள். கண்ணாடி பாட்டிலும் கேனும் கூடாது, பை அளவுக்கும் கட்டுப்பாடு உண்டு, கிளம்பும் முன் விதிகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் புளியோதரை கட்டிக்கொண்டு போவேன். மூன்றாவது இன்னிங்ஸில் திறந்தால் இரண்டு வரிசைக்குத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கூட்டத்துக்குள் வந்து விழும் பந்து பிடித்தவருக்கே சொந்தம், திருப்பிக் கொடுக்க வேண்டாம். பக்கத்தில் சின்னப் பிள்ளை இருந்தால் அதன் கையில் கொடுத்துவிடுவது இங்கே வழக்கம்.

சட்டை வாங்கினால் முதுகில் பெயர் இல்லாததாக வாங்குங்கள். 2015-இல் ஜாஷ் டொனால்ட்சன் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார், நான் அவர் பெயர் போட்ட சட்டை வாங்கினேன். 2018-இல் அவரைக் கிளீவ்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். சட்டையை இப்போது தோட்ட வேலைக்குப் போட்டுக்கொள்கிறேன்.

சாயங்கால ஆட்டம் பெரும்பாலும் 7:07-க்குத் தொடங்கும். அப்போது மதுரையில் விடிகாலை 4:37. ஆட்டம் முடிந்து அம்மாவுக்குப் போன் போட்டால் அவர் காபி குடித்துக்கொண்டிருப்பார். "உன் நீலக்குருவி ஜெயிச்சுதா?" என்பதுதான் முதல் கேள்வி. வருஷத்துக்கு எழுபது, எண்பது தடவை "இல்லம்மா" என்று சொல்லிப் பழகிவிட்டது.

2025 பற்றிச் சொல்லாமல் முடியாது. வேர்ல்டு சீரிஸ், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியோடு. மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிஷம். மறுநாள் டொரன்டோவில் பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள், மேனேஜர்கள் உட்பட. ஏழாவது ஆட்டம் நவம்பர் 1, சனிக்கிழமை. நான் ஸ்கோர் கார்டு எழுதுகிற பைத்தியம். ஒவ்வொரு தடுப்பாளர் இடத்துக்கும் ஒரு எண் உண்டு. ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-3 என்று நாம் முன்னிலை, ஜெயிக்க இன்னும் இரண்டே அவுட். மாடி அண்ணன் குடும்பம் முழுக்க எங்கள் சோபாவில். அப்போது டாட்ஜர்ஸின் மிகெல் ரோஹாஸ் அடித்தார் ஒரு ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி, சமம். நம் முறையில் எல்லா பேஸிலும் ஆள் நின்றும் ஒரு ரன் வரவில்லை, ஹோம் பிளேட்டில் கால் படுவதற்குள் அரை நொடி கூட இல்லாத இடைவெளியில் அவுட். பதினோராவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 5-4 என்று முந்திவிட்டார்கள். ஸ்கோர் கார்டின் கடைசிக் கட்டத்தில் நான் எழுதியது 6-3, டபுள் ப்ளே. அது ஸ்கோர் இல்லை, 6 என்பது ஷார்ட்ஸ்டாப், 3 என்பது முதல் பேஸ்காரர்; ஒரே பந்தில் நம் ஆட்கள் இரண்டு பேர் அவுட், தோற்றுவிட்டோம். பேனாவை மூட மறந்து சோபா உறையில் மைக்கறை. நள்ளிரவு தாண்டிவிட்டது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் இரவும் அதுதான். தோற்ற ராத்திரிக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வேறு கொடுத்தார்கள்.

பின்னூட்டத்தில் கேட்ட இரண்டுக்குப் பதில். வான்கூவரில் இருந்துகொண்டு டொரன்டோ அணிக்கு ரசிகராகலாமா என்று கேட்ட தம்பி, தயங்க வேண்டாம். மான்ட்ரியல் அணி 2004-க்குப் பிறகு வாஷிங்டனுக்குப் போய்விட்டதால் மேஜர் லீகில் கனடாவுக்கு இது ஒன்றுதான் அணி. ப்ளூ ஜேஸ் சியாட்டிலுக்கு ஆட வரும்போது உங்கள் ஊர்க் கூட்டம் எல்லை தாண்டிப் போய் அந்த மைதானத்தையே நீலமாக்கிவிடும். விசா மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகலாமா என்று கேட்ட சகோதரிக்கு: தாராளமாக. கூரை திறந்திருந்தால் ஏரிக்காற்று அடிக்கும், ஜூனிலும் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் அப்பா வந்தபோது கூட்டிப்போனேன். நான்காவது இன்னிங்ஸ் வரை "ஓவர் எப்பம்மா முடியும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார், ஐந்தாவதில் ஒரு தூக்கம் போட்டார். எட்டாவதில் நம் ஆள் இரண்டாவது பேஸுக்கு ஓடி, வழுக்கி விழுந்து அவுட்டானார். பக்கத்தில் பளாரென்று ஒரு சத்தம். அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டிருந்தார்.