புரட்டாசியில் மலிவாக வந்த ஒன்பது கிலோ கோழி: உங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறதா?

மன்னார்குடி மருமகள்:

போன புரட்டாசி மூன்றாவது வாரம். எங்கள் வயலில் சம்பா நடவு ஓடிக்கொண்டிருந்தது, எங்க வீட்டுக்காரர் காலையில் டவுனுக்கு யூரியா வாங்கப் போனார். திரும்பி வரும்போது வண்டியில் மூட்டையைக் காணோம், இரண்டு பக்கமும் கறுப்பு கவர் தொங்கியது. ஒன்பது கிலோ கோழி! தோல் உரித்து, துண்டு போட்டு, மொத்தம் ஏழு கோழியாம். மற்ற மாதங்களில் கிலோ 220, 240 விற்கிற கறி அன்றைக்கு 140, ஐந்து கிலோவுக்கு மேல் எடுத்தால் 120 என்று கடைக்காரர் சொன்னதும் இவர் 1,080 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். யூரியா? அது மறந்து போச்சாம்.

விலை இறங்குவதில் ஆச்சரியம் இல்லை. பெருமாள் மாசம் என்று பாதி ஊர் கறியை விட்டுவிடும், ஆனால் பண்ணையில் நிற்கிற பிராய்லருக்குப் புரட்டாசியாவது மார்கழியாவது, 40, 45 நாளில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும், அதற்கு மேல் வைத்திருந்தால் தீனிக்கே கட்டுப்படியாகாது. அதனால் கோழிப் பண்ணைகள் நிறைந்த பல்லடத்தில் பண்ணை விலையை இறக்குவார்கள், இங்கே கோழிக்கடை போர்டில் சாக்பீஸ் விலை இறங்கும். வாங்குகிறவருக்குச் சந்தோஷம்தான், சமைக்கிறவளை யார் கேட்டார்கள்?

எங்க மாமியார் புரட்டாசி முழுக்கச் சுத்த சைவம். சனிக்கிழமை மாவிளக்குப் போட்டுத் தளிகை படைக்கிற வீடு. கவரைப் பார்த்ததுமே, "அடுப்பங்கரைக்குள்ள இது வரக்கூடாது. ஃப்ரிட்ஜ்ல பால் இருக்கு, அதுலயும் வைக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டார். மகன் கெஞ்சிக் கூத்தாடியதில் ஃப்ரீசருக்கு மட்டும் அனுமதி கிடைத்தது, அதுவும் மூன்று கவர் சுற்றி, வெந்த கறியாக இருந்தால் மட்டும். பச்சைக் கறி கூடவே கூடாது. அப்போது எரிச்சலாக வந்தது, ஆனால் அந்த நிபந்தனைதான் என்னைக் காப்பாற்றியது என்று இப்போது தோன்றுகிறது.

கடையிலிருந்து வரவே முக்கால் மணி ஆகியிருந்தது. நம்ம ஊர் வெயிலில் வெட்டின கறி மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்கக்கூடாது. கொல்லையில் மூன்று கல் கூட்டி விறகடுப்பு மூட்டினேன், எரிவாயு அடுப்பைத் திண்ணைக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு வந்தார் இவர் (வாங்கி வந்த பாவத்துக்கு அதுவாவது செய்யட்டும்). கறியைத் தரம் பிரித்ததுதான் முதல் வேலை. ஏழு ஈரலும் முதலில் காலி, அது அரை நாள் தாங்காது, சின்ன வெங்காயம் மிளகு போட்டு வறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். கழுத்து, முதுகு, இறக்கை எல்லாம் இரண்டரை கிலோ தேறியது. நடவு ஆட்களுக்கு அன்றைக்கு வத்தக்குழம்புதான் திட்டம், பன்னிரண்டு பேரில் நாலு பேர் விரதம், மற்ற எட்டுப் பேரும் "போடுங்க அண்ணி" என்றார்கள். கத்திரிக்காயும் உருளைக்கிழங்கும் போட்டுப் பெருக்கி, குழம்பு மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டு இறக்கினேன். ஒரு எலும்பு மிச்சமில்லை. விரதக்காரர்களுக்குத் தனியாக அதே வத்தக்குழம்பு.

தொடை, கால் துண்டுகள்தான் அதிகம். மஞ்சள்தூள், கல்லுப்பு, இஞ்சி பூண்டு விழுது, சோம்புத்தூள், அவ்வளவுதான், தண்ணீர் ஊற்றவில்லை. கோழி விடுகிற தண்ணீரிலேயே முழுசாக வேகவிட்டு, அந்தத் தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரிகிற வரைக்கும் கிளறினேன். இதில் ஒன்று சொல்லணும், பிறகு சமைக்கும்போது வெந்துக்கும் என்று அரை வேக்காட்டில் எடுத்து வைக்காதீர்கள். கறி சூடாகும், ஆனால் கிருமி சாகாது, அது ஆறுகிற நேரத்தில் இன்னும் பெருகும். வெந்ததைத் தாம்பாளத்தில் பரப்பி ஃபேனுக்கு அடியில் வைத்து ஆற்றி, அரைக்கிலோ கவரில் போட்டுத் தட்டையாகத் தட்டி அடுக்கினேன். உருண்டையாகக் கட்டினால் நடுவில் உறைய ராத்திரி ஆகிவிடும், எடுக்கும்போதும் பாறாங்கல் மாதிரி நிற்கும். மசாலா எதுவும் சேர்க்காததால் ஒரு நாள் முருங்கைக்காய் போட்ட குழம்பு, ஒரு நாள் மிளகு வறுவல், ஒரு நாள் பரோட்டா வாங்கிப் பிய்த்துப் போட்டுக் கொத்து என்று எந்தப் பக்கமும் திருப்ப முடிந்தது. முதலிலேயே மிளகாய் மசாலா போட்டு வைத்தால் ஐந்து நாளும் ஒரே ருசி, மூன்றாவது நாளே பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கும்.

நெஞ்சுக் கறியில் பாதியைக் கொத்திப் பொட்டுக்கடலை மாவு சேர்த்துக் கோலா உருண்டை போட்டேன். மீதி நல்லெண்ணெயில் ஊறுகாய் ஆனது.

இவ்வளவும் நடக்கும்போது மாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வாசனையே ஆகாதாம். ஆனால் நடுநடுவே, "சோம்பு கருகுது பாரு", "உப்பு இப்பவே போட்டுடாத, சுண்டினா ஏறிடும்" என்று குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

உங்கள் கதையையும் எழுதுங்கள்.

கூத்தாநல்லூர்க்காரி:

அக்கா, கழுத்தையும் முதுகையும் பூராவும் குழம்பில் போட்டுவிட்டீர்களே, எங்கள் வீட்டில் அதுக்குத்தான் சண்டையே. துவரம்பருப்பு வேகவைத்து, கத்திரிக்காய் வாழைக்காய் போட்டு, இந்த எலும்புக் கறியைச் சேர்த்துப் புளி ஊற்றித் தால்ச்சா வைத்தால் நெய்ச்சோறு எத்தனை படி வடித்தாலும் போதாது. கால் கிலோ எலும்பு பத்துப் பேருக்கு வரும்.

எங்கள் கதை 2020 மார்ச். கோழியால் கொரோனா வருகிறது என்று வாட்ஸ்அப்பில் எவனோ கிளப்பிவிட்டான், விலை சரிந்து கடைக்காரர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அதெல்லாம் புரளி என்று வாப்பா பன்னிரண்டு கிலோ வாங்கி வந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா இரண்டு நாள் எங்கள் வாசலில் நின்றுகூடப் பேசவில்லை. 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கு, அப்புறம் 25இலிருந்து மொத்தமாக மூடிவிட்டார்கள். உம்மா போட்டு வைத்திருந்த கோழி ஊறுகாய்தான் அந்த முதல் வாரம் முழுக்கக் கஞ்சிக்கும் ரசத்துக்கும் துணை. எலும்பில்லாத சதையை ஈரம் துளிகூட இல்லாமல் மொறுமொறுவென்று பொரித்து, எண்ணெய் மேலே மிதக்கிற மாதிரி ஊற்றி, ஆறிய பிறகு எலுமிச்சைச் சாறு. அதையும் ஃப்ரிட்ஜில்தான் வைத்தோம், மாங்காய் ஊறுகாய் மாதிரி அலமாரியில் வைக்கிற சங்கதி இல்லை இது. ஊறுகாய் வாசனை பக்கத்து வீட்டை எட்டியதும் பெரியம்மா ஒரு கிண்ணத்தோடு மதில் பக்கம் வந்தார், அது தனிக் கதை.

வேதாரண்யம் வாத்தியார்:

ஃப்ரீசரை நம்பி மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை ஏறியது எங்கள் பக்கம்தான். அதற்கு இரண்டு நாள் முன்பு மலிவாகக் கிடைத்தது என்று ஆறு கிலோ வாங்கிப் பச்சையாகவே ஃப்ரீசரில் அடைத்திருந்தேன். நிறைந்த ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் கரண்ட் இல்லாமல் இரண்டு நாள் வரை குளிர் நிற்கும், பாதி நிறைந்ததென்றால் ஒரு நாள்தான். விழுந்து கிடந்த மின்கம்பங்களைப் பார்த்தபோதே இரண்டு நாள் கணக்கெல்லாம் சரிப்படாது என்று தெரிந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே, ஐஸ் விடுவதற்குள், முறிந்து கிடந்த மட்டைகளை எரித்து வாசலில் அண்டா வைத்தோம். மழை ஈரத்தில் எரியவே இல்லை, ஒரே புகை. தெருவே சாப்பிட்டது. தேங்காய் மட்டும் கேட்காமலே கிடைத்தது, தோப்பு முழுக்கத் தரையில் கிடந்ததே. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. இப்போதெல்லாம் இரண்டு கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

கும்பகோணம் பேச்சிலர்:

என் கதை கேவலம். நாலு கிலோ வாங்கி, பாட்டி சொன்ன ஞாபகத்தில் உப்புக்கண்டம் போடலாம் என்று மொட்டை மாடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். பாட்டி போட்டது ஆட்டுக்கறி, அதுவும் சித்திரை வெயிலில். நான் போட்டது பிராய்லர், ஐப்பசித் தூறலில். முதல் நாள் காக்கை, இரண்டாம் நாள் மழை, மூன்றாம் நாள் வீட்டு ஓனர். வாழைமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன், அந்த ராத்திரியே தெருநாய்கள் தோண்டி எடுத்துவிட்டன. அக்கா, ஒரு சந்தேகம், ஃப்ரீசரில் இருந்து எடுத்த பாக்கெட்டில் பாதியைச் சமைத்துவிட்டு மீதியைத் திரும்ப உள்ளே வைக்கலாமா?

மன்னார்குடி மருமகள்:

வேண்டாம் தம்பி, அதுக்குத்தான் அரைக்கிலோவாகக் கட்டச் சொன்னேன், ஒரு வேளைக்கு ஒரு பாக்கெட். முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் இறக்கி வைத்துவிடு, வெளியே வைத்து ஐஸ் விடாதே. காலையில் நன்றாகக் கொதிக்கவிட்டுச் சாப்பிடு. புதைப்பதென்றால் அடுத்த தடவை ஆழமாகத் தோண்டு.

வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கடைசிப் பாக்கெட்டைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். ஐப்பசி பிறந்து முதல் ஞாயிறு, இட்லிக்குத் தேங்காய் அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தேன். ஒரு மாத விரதம் முடிந்து மாமியார் சாப்பிடுகிற முதல் கறி. இரண்டு துண்டு தின்றுவிட்டு, "இது அன்னிக்கு வாங்குனதா?" என்றார். ஆமாம் அத்தை என்றேன். இன்னொரு துண்டு எடுத்து இலையில் வைத்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன், சோம்பு கருகிப்போச்சு" என்றார்.