சூடானதும் ஆயில் பிரஷர் விழுது, ஸ்லோ ஸ்பீடும் நிக்கல, இன்ஜின் இறக்கித்தான் ஆகணுமா?

பழையவண்டி:
வணக்கம் எல்லாருக்கும். என்கிட்ட இருக்கறது 25 வருஷத்து பழைய டீசல் லாரி, ஆறு சிலிண்டர், டீசல் அடிக்கறது இன்லைன் பம்ப், எலக்ட்ரானிக்ஸ்னு ஒண்ணுமே கிடையாது. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, முன்னாடி இன்ஜின் வேலை எப்ப பாத்தாங்கன்னு தெரியாது. காலைல ஸ்டார்ட் பண்ணா ஆயில் மீட்டர் 4 பார் காட்டுது, ஒரு மணி நேரம் லோடோட ஓடின அப்புறம் ஸ்லோல விட்டா 0.5 வரைக்கும் எறங்கி லைட்டும் மினுக் மினுக்குன்னு எரியுது, ஆக்சிலரேட்டர் குடுத்தா உடனே 3 பார் வந்துடும் லைட்டும் அணைஞ்சிடும். இதோட ஸ்லோ ஸ்பீடும் ஒரு எடத்துல நிக்கல, 450க்கும் 650 ஆர்பிஎம்முக்கும் நடுவுல ஊஞ்சல் மாதிரி ஏறி எறங்குது, சிக்னல்ல பிரேக் போட்டு நிக்கறப்ப ரெண்டு தடவ ஆஃப்பே ஆயிடுச்சு. ஆயில் 15டபிள்யூ40, ஃபில்டரோட மாத்தி ரொம்ப நாள் ஆகல. காமிச்ச எடத்துல கிராங்க் ஷாஃப்ட்ட தாங்கற மெயின் பேரிங் போச்சு, கிராங்க் கிரைண்டிங் பண்ணணும், இன்ஜின இறக்குங்கன்னு கேட்ட மாத்திரத்துல சொல்லிட்டாங்க. அடியில இருக்கற ஆயில் பான் கூட கழட்டி பாக்கல. அப்படியே நம்பிடலாமா?

கிரீஸ்கை:
அவசரப்படாதீங்க ப்ரோ, டேஷ்போர்டு மீட்டர நம்பி யாராவது இன்ஜின் இறக்குவாங்களா. முதல்ல பிளாக்ல இருக்கற ஆயில் பிரஷர் சென்டர, அதான் மீட்டருக்கு பிரஷர் சொல்ற சென்சார, கழட்டிட்டு அந்த ஓட்டைலயே ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்க, இன்ஜின் நல்லா சூடான அப்புறம் பாருங்க, குளுருல பாத்து பிரயோஜனம் இல்ல. ஒத்த வயர் சென்டரா இருந்தா எர்த் அதோட பாடி வழியாத்தான் போகும், எவனாச்சும் திரெட்ல டெஃப்லான் டேப்ப சுத்து சுத்துன்னு சுத்தி வச்சிருந்தாலும் மீட்டர் தப்பாத்தான் காட்டும். ஆனா ஒண்ணு, லைட்டுக்கு தனி ஸ்விட்ச், மீட்டருக்கு தனி சென்டர்னு இருந்து ரெண்டுமே ஒண்ணா சொல்லுதுன்னா விஷயம் நிஜமாத்தான் இருக்கும்.

லோடுமேன்:
20டபிள்யூ50 ஊத்துங்க, கூட ஆயில கெட்டியாக்கற திக்னர் ஒரு டப்பா போடுங்க, முள்ளு மேல ஏறிடும். நான் அப்படித்தான் ஓட்டறேன்.

டீசல்வாசம்:
முள்ளு ஏறும், வியாதி போகாது. காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர தண்ணில முக்கற கதை. லோடுமேன் அண்ணே கோச்சுக்காதீங்க.

பழையவண்டி தம்பி, நீங்க ரெண்டு பிரச்சனையா பாக்கறீங்க, எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. ஆயில் பம்ப சுத்தறது கிராங்க் கியர்தான, 450ல நின்னா பம்பும் அந்த அளவுக்குத்தான் தள்ளும், சூடான ஆயில் வேற தண்ணியாட்டம் இருக்கும். அதனால ஸ்லோ ஸ்பீட சரியான அளவுல நிக்க வச்சிட்டு அப்புறம் பிரஷர் எடுங்க, 450ல எடுத்த ரீடிங்க வச்சு பேரிங்க குத்தம் சொல்லக் கூடாது.

அடுத்தது முள்ளு எப்ப எப்படி விழுதுன்னு கவனிங்க, அதுலயே பாதி பதில் இருக்கு. குளுர்லயும் கம்மி, ரேஸ் பண்ணாலும் கம்மின்னா பிரஷர் அதிகமானா ஆயில திருப்பி விடற ரிலீஃப் வால்வ் தூசி மாட்டி தொறந்தபடியே நிக்கலாம், இல்ல பம்பே தேஞ்சிருக்கும். ஸ்லோல ஓகே, ரேஸ் பண்ணா விழுது, ஆடுதுன்னா சம்ப்ல, அதான் ஆயில் பான்ல, இருக்கற சல்லடை அடைச்சிருக்கும். உங்களுது குளுர்ல நல்லா இருக்கு, சூட்டுல ஸ்லோல மட்டும் படுக்குது, இது பேரிங் தேய்மானமாவும் இருக்கலாம், ஆயில் நீர்த்துப் போயிருந்தாலும் அச்சு அசல் இதே மாதிரிதான் காட்டும். பேரிங்னு சொன்னவரு இந்த ரெண்டாவத யோசிச்ச மாதிரி தெரியல.

இப்பவே போய் ஆயில் அளவு பாக்கற டிப் ஸ்டிக்க இழுங்க. லெவல் ஏறியிருக்கா? மோந்து பாருங்க. வெள்ளை பேப்பர்ல ஒரு சொட்டு விட்டு கொஞ்ச நேரம் வைங்க, கருப்பு வட்டத்துக்கு வெளிய வெளிறிப்போன எண்ணெய் வளையம் அகலமா பரவினா டீசல் கலந்திருக்குன்னு சந்தேகப்படலாம். லெவல் மேக்ஸ் தாண்டியிருந்தா வண்டிய ஓட்டாதீங்க, ரொம்ப ஏறினா இன்ஜின் அந்த ஆயிலையே இழுத்து எரிச்சு ரன்அவே ஆயிடும், டீசல நிறுத்தினாலும் நிக்காது.

பழையவண்டி:
அண்ணே நீங்க சொன்னத படிச்சிட்டு ராத்திரியே டார்ச் எடுத்துட்டு போனேன். மேக்ஸ் கோட்டுக்கு மேல ரெண்டு விரக்கட ஏறி நிக்குது! ஆயில் குறையவே மாட்டேங்குதே நல்ல இன்ஜின்னு இத்தன நாளா சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன். டீசல் வாடை நல்லாவே அடிக்குது. கொஞ்சம் ஆயில் வடிச்சு லெவலுக்கு கொண்டு வந்துட்டு மெக்கானிக்கல் கேஜும் மாட்டி பாத்தாச்சு, சூட்டுல 450ல 0.6, ஹேண்ட் த்ராட்டில்ல 650 வச்சா 1.0, 2000ல 3. அப்போ மீட்டர் பொய் சொல்லல. டீசல் எங்கேந்து உள்ள போகுது?

டீசல்வாசம்:
எஃப்ஐபிக்கு, அதான் அந்த இன்லைன் டீசல் பம்புக்கு, ஆயில் தனியா ஊத்தறதா, இல்ல இன்ஜின்லேந்து பைப்ல வருதான்னு பாருங்க. இன்ஜின் ஆயில்னா முதல் சந்தேகம் பம்ப் பக்கத்துல ஒட்டிக்கிட்டு டேங்க்லேந்து டீசல இழுத்து குடுக்கற ஃபீட் பம்ப், அதோட ஸ்பிண்டில் தேஞ்சா டீசல் அது வழியா எஃப்ஐபியோட கேம் பாக்ஸுக்குள்ள கசிஞ்சு அங்கேந்து ஆயிலோட சம்ப்புக்கு போயிடும், வெளிய ஒரு சொட்டு தெரியாது. அதே ஃபீட் பம்ப் சரியா தள்ளலன்னா ஸ்லோவும் ஆடும். ஃபில்டருக்கு போற லைன்ல ஒரு துண்டு டிரான்ஸ்பரன்ட் ஓஸ் மாட்டி பாருங்க, குமிழி வந்தா டேங்க் பக்கம் எங்கயோ ஏர் எடுக்குது.

கிரீஸ்கை:
சூப்பர் அண்ணே, எனக்கு இது தோணவே இல்ல. சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சற நாசில் ஒழுகினா அதுவும் சிலிண்டர கழுவி டீசல கீழ எறக்கும், அதையும் விட்டுடாதீங்க. ஸ்லோல ஒவ்வொரு நாசில் பைப் நட்டா லூஸ் பண்ணுங்க, எதுல இன்ஜின் சத்தம் மாறலையோ அந்த சிலிண்டர் வேலை செய்யல. துணி சுத்திட்டு ஸ்பேனர் போடுங்க, கைய கிட்ட கொண்டு போகாதீங்க, அந்த பிரஷர்ல பீச்சற டீசல் தோலுக்குள்ள எறங்கிடும், ஊசி குத்தின மாதிரிதான் தெரியும் ஆனா ஆஸ்பத்திரி கேஸ்.

பழையவண்டி:
பத்து நாள் கழிச்சு வந்துட்டேன், மன்னிக்கணும். ஃபீட் பம்ப் ஸ்பிண்டில் விரலால ஆட்டினாலே ஆடுச்சு, மாத்தியாச்சு. ஓஸ்ல குமிழியும் வந்துச்சு, சக்ஷன் பக்கம் டீசல் பைப்ப இணைக்கற பேஞ்சோ போல்ட்டோட செம்பு வாஷர் நசுங்கி போயிருந்தது, ரெண்டு ரூபா சாமானுக்கு இந்த ஆட்டம். ஆயிலும் ஃபில்டரும் மாத்தி நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடியும் மாத்தினேன், பழைய ஃபில்டர அறுத்து மடிப்ப விரிச்சு பாத்தேன், பளபளன்னு செதில் எதுவும் இல்ல. இப்ப சூட்டுல 600ல 1.3 பார், லைட் எரியல. ஸ்லோ 90 சதவீதம் சரி, ஆனா லேசா ஒரு நடுக்கம் இருக்கு, 3வது சிலிண்டர் நட்ட லூஸ் பண்ணா வித்தியாசமே தெரியல.

டீசல்வாசம்:
1.3 போதும் தம்பி, கிராங்க மறந்துடுங்க. ஆனா டீசல் கலந்து நீர்த்த ஆயில்ல எவ்ளோ நாள் ஓடுச்சோ தெரியாது, அதனால அந்த கேஜ கழட்டாம இன்னும் கொஞ்ச நாள் அப்படியே விட்டு வைங்க, டிப் ஸ்டிக்கையும் தினம் பாருங்க. 3வது நாசில எடுத்து டெஸ்டிங்குக்கு குடுங்க, திரும்ப மாட்டறப்ப குழிக்குள்ள டார்ச் அடிச்சு பாருங்க, பழைய வாஷர் அடியிலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், அது மேலயே புதுச போட்டுட்டீங்கன்னா நாசில் மேல தூக்கி நின்னு மறுபடியும் அந்த சிலிண்டர் சரியா எரியாம மிஸ்ஸிங் வரும்.